சாங்கமன் ஆற்று வேட்பாளர்: லிங்கனின் முதல் தேர்தல் அறிக்கையை வாசித்தல்

மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் ஒருவர் தமது கொள்கை நிலைப்பாடுகளை வாக்காளர் முன் வைக்கும்போது, அவற்றை எந்த அளவுகோலைக் கொண்டு வாசிப்பது என்பது எனக்கு நெடுநாளாகத் தீராமலிருக்கும் கேள்வி. தேர்தல் அறிக்கைகளில் நல்லவை எல்லாம் இருக்கும். அவற்றுக்கு ஆகும் செலவு இருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால் எதைக் கைவிடுவார் என்பதும், தாம் போட்டியிடும் அவைக்கு அந்த விஷயத்தில் அதிகாரம் உண்டா என்பதும் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு அண்மையில் மிகப் பழைய அறிக்கை ஒன்றை வாசித்தேன். 1832 மார்ச் 9 என்று தேதியிட்டு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாங்கமன் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மக்களுக்கு ஆபிரகாம் லிங்கன் எழுதியது அது. ஸ்பிரிங்ஃபீல்டில் வெளிவந்துகொண்டிருந்த 'சாங்கமோ ஜர்னல்' செய்தித்தாள் சில நாள்களில் அதை அச்சிட்டது.

அப்போது லிங்கனுக்கு வயது 23. நியூ சேலம் என்னும் சிற்றூருக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அங்கே ஒரு கடையிலும் மாவு ஆலையிலும் வேலை பார்த்தார். வழக்கறிஞராக ஆகியிருக்கவில்லை, நிலம் இல்லை, செல்வாக்குள்ள உறவினர் இல்லை. அவருடைய பிற்கால வாழ்வு நமக்குத் தெரிந்திருப்பதால், எழுதிய ஒவ்வொரு வரியிலும் வருங்காலக் குடியரசுத் தலைவரைத் தேடும் பழக்கம் வாசகருக்கு உண்டு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கவுண்டியில் சோளம் பயிரிட்டுப் பன்றி வளர்த்த ஒரு விவசாயி இந்த அறிக்கையை எப்படி எடைபோட்டிருப்பார் என்று பார்ப்பதே எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது.

அந்த விவசாயியின் முதல் சிக்கல் போக்குவரத்து. 1830 கணக்கெடுப்பின்படி இல்லினாயின் மொத்த மக்கள்தொகை சுமார் 1,57,000. நிலம் வளமானது, விளைச்சலுக்குக் குறைவில்லை, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கத்தான் வழியில்லை. மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும். சாங்கமன் ஆறு மேற்கே ஓடி இல்லினாய் ஆற்றிலும், அது மிசிசிப்பியிலும் கலக்கிறது. மிசிசிப்பியை அடைந்துவிட்டால் செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் வரை சரக்கு போகும். ஆகவே உள்ளூர் ஆற்றைச் சீர்படுத்துவதா, இருப்புப்பாதை அமைப்பதா என்பதே அந்த ஆண்டுத் தேர்தலின் பெரும் விவாதம். கூட்டாட்சி அரசு பணம் கொடுக்கும் என்ற நம்பிக்கையும் குன்றியிருந்தது. 1830-இல் கென்டக்கி மாநிலத்துக்குள்ளேயே அமையவிருந்த மேஸ்வில் சாலைக்கான மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் தமது மறுப்புரிமையால் தடுத்துவிட்டார்; ஒரு மாநிலத்துக்குள் அடங்கும் பணிகளை அந்தந்த மாநிலமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். இப்படித்தான் சாலையும் ஆறும் சட்டமன்ற வேட்பாளரின் பொறுப்பாயின.

லிங்கனின் அறிக்கை அந்த எல்லையை விட்டு வெளியே போவதில்லை. 1832 குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டு. தேசிய வங்கியின் எதிர்காலம் நாடெங்கும் கொதித்துக்கொண்டிருந்தது. லிங்கனோ ஜாக்சனின் எதிராளியான ஹென்றி கிளேயின் வெளிப்படையான ஆதரவாளர். ஆயினும் அறிக்கையில் ஜாக்சனும் இல்லை, கிளேயும் இல்லை, வங்கியும் இல்லை, கட்சியின் பெயரே இல்லை. நம்மூர்த் தேர்தல் அறிக்கைகளை வாசித்துப் பழகிய கண்ணுக்கு இது விநோதமாகப் படும்.

போக்குவரத்தைப் பற்றிய பகுதியே அறிக்கையின் பெரும் பங்கு. இருப்புப்பாதையைவிடச் சிறந்த வசதி வேறில்லை என்று முதலில் ஒப்புக்கொள்கிறார்: ஆறு வற்றும், உறையும், வெள்ளத்தில் பெருகும், இருப்புப்பாதைக்கு அந்தத் தடைகள் இல்லை. இல்லினாய் ஆற்றின் ஏதேனும் ஒரு தகுந்த இடத்திலிருந்து ஜாக்சன்வில் வழியாக ஸ்பிரிங்ஃபீல்டு வரை பாதை அமைக்கும் திட்டம் அப்போது பேச்சில் இருந்தது. அது எவ்வளவு விரும்பத்தக்கதானாலும், மதிப்பிடப்பட்ட செலவான 2,90,000 டாலரைக் கேட்டதும் நெஞ்சு அதிர்ந்துபோகிறது என்கிறார். இந்தத் தொகையைச் சொன்ன பிறகே ஆற்றுக்கு வருகிறார்: இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கும் நமது வருவாய்க்கு ஏற்றது சாங்கமனைச் சீர்படுத்துவதுதான் என்று முடிக்கிறார். சிறந்ததைச் சிறந்தது என்று சொல்லி, விலையைச் சொல்லி, அது கட்டுப்படியாகாது என்பதையும் சொல்லி, அதன் பிறகு இரண்டாவதைப் பரிந்துரைக்கும் இந்த ஒழுங்கு அரசியல் எழுத்தில் அரிது.

அடுத்து அவர் தரும் சான்று இன்னும் அரிது. கடந்த பன்னிரண்டு மாதங்களாக அந்த ஆற்றின் நீர்மட்டத்தை, நாட்டில் வேறு எவருக்கும் குறையாத அளவு தாம் கூர்ந்து கவனித்திருக்கக்கூடும் என்கிறார். 1831 மார்ச்சில் அந்த ஆற்றங்கரையில் சிலரோடு சேர்ந்து தட்டைப்படகு ஒன்றைக் கட்டத் தொடங்கியவர் அவர். பிறகு நியூ சேலம் மாவு ஆலையில் வேலை. ஏப்ரல் கடைசியில் ஆலை அணையைப் படகு கடந்தபோது இருந்த நீர், பிப்ரவரியில் பனி உடைந்த நாளிலிருந்தும், அதற்குப் பிந்தைய பல வாரங்களோடு ஒப்பிட்டும் மிகக் குறைவானது என்று குறிப்பிடுகிறார். அவர் சொல்லாமல் விட்டது, அந்தப் படகு அணையின் மேல் மாட்டிக்கொண்டு நின்றது. சரக்கை இறக்கி, முன்பகுதியில் துளையிட்டு உள்ளே புகுந்த நீரை வடியவிட்டு அதை விடுவித்த கதையை ஊரார் அனைவரும் அறிவார்கள். தண்ணீர் குறைவாக இருந்த நேரத்திலேயே படகு போய்ச் சேர்ந்தது என்பதுதான் அவர் வாதத்தின் நுனி. வழியில் பெருந்தடையாக இருந்தது நீரின் ஆழமன்று, அடித்துக்கொண்டு வந்து தேங்கும் மரக்கட்டைகளே என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்.

ஆற்றின் கடைசி 30 அல்லது 35 மைல், தாழ்ந்த புல்வெளியினூடே வளைந்து வளைந்து செல்கிறது. வளைவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய நிலத்தில் போதிய அகலத்துக்குப் புல்மண்ணைப் பெயர்த்துவிட்டு, பழைய தடத்தை அணையிட்டு மறித்தால், ஆறு தானாகவே நேர்வழியை அறுத்துக்கொள்ளும்; தூரம் குறையும்; ஓட்டம் வலுப்பட்டுக் கட்டைகளும் தேங்காமல் போய்விடும் என்பது அவர் யோசனை. இவ்வளவும் செய்தாலும் 25 முதல் 30 டன் வரை ஏற்றும் கலங்கள், சாதாரண ஆண்டுகளில் குறைந்தது பாதிக்காலம் செல்லலாம் என்பதற்கு மேல் அவர் உறுதி கூறவில்லை. ஆண்டு முழுவதும் கப்பல் வரும் என்று எழுதியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். பாதி ஆண்டு என்று எழுதினார்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. இருப்புப்பாதைக்கு டாலர் கணக்கைக் கொடுத்தவர் ஆற்றுக்குக் கொடுக்கவில்லை. இவ்வளவு ஆகும் என்று தம்மால் சொல்ல முடியவில்லை என்றும், அதே நீளமுள்ள மற்ற ஆறுகளுக்கு ஆவதைவிட மிகுதியாக இராது என்றும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒரு தட்டில் எடைக்கல்லை வைத்துவிட்டு மறு தட்டைக் கையால் அழுத்திக் காட்டுவதைப் போன்ற ஒப்பீடு இது. வாக்காளராக நான் இருந்திருந்தால் இந்த இடத்தில்தான் எழுந்து கேட்டிருப்பேன்.

ஆறும் அவரைக் கைவிட்டது. அறிக்கை வெளிவந்த சில வாரங்களுக்குள் 'டாலிஸ்மன்' என்ற நீராவிப் படகு சாங்கமனில் ஏறி ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகே வந்தது. கரையோரக் கிளைகளை வெட்டி வழி செய்தவர்களில் லிங்கனும் ஒருவர். ஊரே கொண்டாடியது. ஆனால் நீர்மட்டம் விரைவாக இறங்கிவிட, படகு திரும்பிப் போவதே பெரும்பாடாகி, நியூ சேலம் அணையின் ஒரு பகுதியை இடித்துத்தான் அதைக் கீழே கொண்டுபோக முடிந்தது. திரும்பும் பயணத்தில் அதைச் செலுத்த உதவியவரும் லிங்கனே. சாங்கமன் அதன் பிறகு ஒருபோதும் வணிகக் கப்பல்களின் வழியாக ஆகவில்லை. ஆற்றை நம்பி எழுந்த நியூ சேலம் ஊரும் 1840-ஐ ஒட்டி ஆளரவமின்றிப் போயிற்று.

அறிக்கையில் அடுத்து வருவது வட்டி. ரொக்கம் அரிதாக இருந்த எல்லைப்புற மாநிலத்தில் கடன் கொடுப்பவர்கள் மிகையான வட்டி வாங்குவது கடுமையான குறையாக இருந்தது. அதற்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டத்தைத் தாம் ஆதரிப்பதாக லிங்கன் சொல்கிறார். யாருக்கும் தீங்கு நேராமல் அப்படி ஒரு சட்டம் இயற்ற முடியும் என்பது அவர் கருத்து. மிக மிக நெருக்கடியான வேளையில் சட்டத்தை ஏய்ப்பதற்கு எப்போதும் ஏதாவது வழி கிடைக்கும். மற்ற எல்லா வேளைகளிலும் சட்டம் தன் வேலையைச் செய்யும் என்கிறார். எளிதில் ஏய்க்கக்கூடிய சட்டம் கூடாது. ஏய்ப்பதற்கான உழைப்பும் தொல்லையும் மிகப் பெரும் தேவைக்கு மட்டுமே ஈடாகும்படி அது அமைய வேண்டும் என்றும் சொல்கிறார்.

இந்த வாதத்தை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, சட்டத்தை ஏய்க்க வழி விட்டுச் சட்டம் செய்யச் சொன்னவர் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தென்படவில்லை. வட்டிக்கு வரம்பு கட்டினால் அந்த வரம்புக்குள் யாரும் கடன் தர முன்வராமல் போகலாம் என்பதும், உயிர்போகும் அவசரத்தில் இருப்பவன் எந்த விலைக்கும் கடன் வாங்கத் துணிவான் என்பதும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் சிக்கல்கள். அந்தச் சிக்கலை மறைக்காமல், சட்டத்தின் ஓட்டையைக் கடன்படுபவனின் கடைசித் தேவைக்கு ஏற்ற அளவில் சிறிதாக்க வேண்டும் என்று 23 வயதில் ஒருவர் யோசித்திருக்கிறார். எத்தனை விழுக்காடு வட்டி என்ற எண் அங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் சட்டம் இயற்றும் அவைக்குப் போக விரும்புகிறவர், இயற்றப்பட்ட பிறகு சட்டம் தெருவில் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்.

கல்வியைப் பற்றிய பத்தி சிறிது. மக்கள் ஈடுபடக்கூடியவற்றுள் மிக முக்கியமானது கல்வி என்கிறார்; ஒவ்வொருவரும் தமது நாட்டின் வரலாற்றையும் பிற நாடுகளின் வரலாற்றையும் வேதநூல்களையும் வாசிக்கும் அளவுக்காவது கற்க வேண்டும் என்கிறார்; எந்தத் திட்டத்தையும் தாம் வகுத்துக் கூறப்போவதில்லை என்கிறார். அவ்வளவுதான். எல்லாருக்கும் உடன்பாடான, யாருக்கும் செலவு வைக்காத பத்தி. தாமே சில மாதங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்திராத ஒருவரிடமிருந்து இதைவிட எதிர்பார்க்கலாம்.

உரிமையாளரின்றித் திரியும் கால்நடைகள் பற்றிய சட்டம், கடனுக்கு ஜப்தி செய்யும் முறை பற்றிய சட்டம், சாலைச் சட்டம் ஆகியவற்றில் குறைகள் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். இவற்றை எழுதியவர்கள் தம்மைவிட அறிவாளிகளாகவே இருக்கக்கூடும் என்பதால், வேறு யாராவது முதலில் கைவைத்தாலன்றித் தாம் அவற்றைத் தொடப்போவதில்லை என்று அடுத்த பத்தியில் எழுதுகிறார். பணிவு என்று இதைப் புகழ்வார்கள். குறை தெரிந்த மூன்று சட்டங்களையும் அப்படியே விட்டுவிடுவதாகச் சொல்லும் நிலைப்பாடு என்றும் இதை வாசிக்கலாம். மாடு அடுத்தவர் வயலில் புகுந்தால் என்ன செய்வது என்பது அந்தக் கவுண்டியின் பாதிப் பேருக்கு ஆற்றைவிட நெருக்கமான கேள்வியாக இருந்திருக்கும். தம் கருத்துகளில் தவறு இருக்கலாம் என்றும், தவறு என்று தெரிந்தவுடன் கைவிடத் தயார் என்றும் எழுதிவிட்டு, சக மனிதரின் மதிப்பைப் பெறுவது ஒன்றே தமது ஆசை, மக்கள் தம்மைப் பின்னணியிலேயே வைத்திருக்க முடிவு செய்தாலும் ஏமாற்றங்கள் தமக்குப் பழகியவையே என்று முடிக்கிறார்.

மக்கள் அப்படியே முடிவு செய்தார்கள். ஏப்ரலில், பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிரான போருக்குப் படையில் சேர்ந்துவிட்ட லிங்கன், ஆகஸ்ட் 6 தேர்தலுக்குச் சற்று முன்பே ஊர் திரும்பினார். கவுண்டி முழுவதும் சுற்றி வரக் காலமில்லை. நான்கு இடங்களுக்குப் 13 பேர் போட்டி. 657 வாக்குகளுடன் எட்டாவதாக வந்தார். மக்களின் நேரடி வாக்கில் அவர் தோற்றது அந்த ஒரு முறைதான். அக்காலத்தில் இல்லினாயில் வாக்காளர் தேர்தல் அலுவலர் முன் நின்று தாம் விரும்பும் பெயர்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நியூ சேலம் சாவடியில் வாக்களித்த சுமார் 300 பேரில் 277 பேர் லிங்கன் பெயரைச் சொன்னார்கள். அதே சாவடி அந்த இலையுதிர் காலத்தில் கிளேயைத் தள்ளி ஜாக்சனுக்கு 115 வாக்குப் பெரும்பான்மை தந்தது. அறிக்கையை வாசித்து வாக்களித்தவர்கள் எத்தனை பேர், அணையில் மாட்டிய படகை விடுவித்தவனுக்கு வாக்களித்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கட்சி பார்த்து வாக்களிக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

1834-இல் வென்று சட்டமன்றம் சென்றார். 1836 தேர்தலுக்கு முன், வேட்பாளர்கள் தமது நிலையை வெளிப்படுத்த வேண்டும் என்று செய்தித்தாளில் ஒருவர் கேட்டதற்கு, ஜூன் 13 தேதியிட்டு ஒரு குறுங்கடிதம் எழுதினார். முந்தைய அறிக்கையின் நிதானம் இதில் காணப்படவில்லை. அரசின் சுமையைத் தாங்குகிறவர்கள் அனைவரும் அதன் உரிமைகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பொதுவிதியாகத் தொடங்கி, ஆகவே வரி செலுத்தும் அல்லது ஆயுதம் ஏந்தும் வெள்ளையர் அனைவருக்கும் வாக்குரிமை தரலாம் என்றும், பெண்களை விலக்குவதாக இதற்குப் பொருளில்லை என்றும் எழுதுகிறார். பெண்களைச் சேர்த்த அந்த அடைப்புக்குறி வரியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் விதியைச் சொன்ன மறு வாக்கியத்திலேயே 'வெள்ளையர்' என்ற சொல் அதை மறித்துவிடுகிறது. இல்லினாயில் சொத்து வைத்து வரி கட்டிய சுதந்திரக் கறுப்பினத்தவர் அரசின் சுமையைத் தாங்கியவர்களே. மாநிலத்தின் 1818 அரசியலமைப்போ, ஆறு மாதம் குடியிருந்த 21 வயது நிரம்பிய வெள்ளை ஆண்கள் அனைவருக்கும் வரி நிபந்தனையின்றி வாக்குரிமை தந்திருந்தது. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் லிங்கனின் விதி ஒரு பக்கம் கதவைத் திறந்து, மறுபக்கம் சற்றுச் சாத்துகிறது.

அதே கடிதத்தின் மற்றொரு நிலைப்பாட்டில்தான் என் கவனம் நின்றது. பொது நிலங்களை விற்று வரும் பணத்தைக் கூட்டாட்சி அரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும், அதைக் கொண்டு கடன் வாங்காமலும் அதற்கு வட்டி கட்டாமலும் கால்வாய்களும் இருப்புப்பாதைகளும் அமைக்கலாம் என்கிறார். வென்றாலும் தோற்றாலும் இதுவே தம் நிலை என்று முன்னுரையும் போடுகிறார். அந்த முன்னுரை தேவையானதே, ஏனென்றால் நில விற்பனைப் பணத்தைப் பகிர்வது வாஷிங்டனில் நாடாளுமன்றமான காங்கிரஸ் முடிவு செய்ய வேண்டியது. இல்லினாய் சட்டமன்ற உறுப்பினருக்கு அதில் வாக்கு இல்லை. 1832-இல் தமது அவையின் அதிகாரத்துக்குள் அடங்கியவற்றை மட்டும் பேசியவர், நான்காண்டு கழித்துத் தம் கையில் இல்லாத பணத்தைக் கொண்டு திட்டத்தின் விலைச் சிக்கலைத் தீர்த்துவிட்டார். கடனே இல்லாத கட்டுமானம் என்பது அழகான நிலைப்பாடு. பணம் வராவிட்டால் என்ன செய்வார் என்ற கேள்வி அக்கடிதத்தில் எழவே இல்லை.

அந்தக் கேள்விக்கு எட்டு மாதத்தில் விடை வந்தது. 1837 பிப்ரவரி 27 அன்று நிறைவேறிய உள்நாட்டு மேம்பாட்டுச் சட்டம் ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட செலவுக்கு வழி செய்தது. ஆயிரம் மைலுக்கு மேல் இருப்புப்பாதைகள், ஆறுகளைச் சீர்படுத்துதல், இவை எதுவும் கிடைக்காத கவுண்டிகளுக்கு ஈடாக 2,00,000 டாலர் என்று, யாரையும் விட்டுவிடாமல் எல்லாருக்கும் ஏதாவது கொடுத்த சட்டம் அது. பணிகளை ஒரே நேரத்தில், ஒவ்வொரு பாதையிலும் பல முனைகளிலிருந்தும் தொடங்க வேண்டும் என்றும் விதித்திருந்தார்கள், எந்த ஊரும் பின்தங்கிவிட்டதாக எண்ணக் கூடாதல்லவா. 1840 கணக்கெடுப்பிலும் ஐந்து லட்சத்தை எட்டியிராத மக்கள்தொகை கொண்ட மாநிலம், இந்தத் தொகையைக் கடன் பத்திரங்களை விற்றுத் திரட்டப் புறப்பட்டது. லிங்கன் ஆதரித்து வாக்களித்தார். பின்னாளில் அவருடைய பெரும் எதிராளியான ஸ்டீபன் டக்ளஸும் அதே அவையில் இருந்து, தம் தொகுதி மக்களின் கட்டளைக்கு இணங்க ஆதரித்தே வாக்களித்தார்.

மறுநாள் பிப்ரவரி 28 அன்று, மாநிலத் தலைநகரை வாண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றும் தீர்மானம் வென்றது. சாங்கமன் கவுண்டியின் உறுப்பினர்கள் ஒன்பது பேர், அனைவரும் உயரமானவர்கள் என்பதால் 'நீண்ட ஒன்பதின்மர்' என்று பெயர் பெற்றவர்கள், இதற்காகவே உழைத்தார்கள். மற்ற ஊர்களின் இருப்புப்பாதைக்குத் தங்கள் வாக்கைக் கொடுத்து, தலைநகருக்கு அவர்கள் வாக்கை வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதில் ஒருமனதாக இல்லை. என் வாசிப்பில் அந்தப் பேரம் நடந்ததா என்பது இரண்டாம் நிலைக் கேள்வியே. மேம்பாட்டுத் திட்டத்தை லிங்கன் மனமார விரும்பினார் என்பதற்கு 1832 அறிக்கையே சான்று. விரும்பியதை வாங்கப் பேரம் தேவையில்லை. 2,90,000 டாலர் என்ற எண்ணைக் கண்டு நெஞ்சு அதிர்ந்தவருக்கு ஒரு கோடியைக் கண்டு ஏன் அதிரவில்லை என்பதே என் கேள்வி. விலையுயர்ந்து போன நிலமும் நாடெங்கும் பெருகிய கடனும் அந்தக் குளிர்காலத்தில் எல்லாரையும் ஒரே மயக்கத்தில் வைத்திருந்தன என்பது ஒரு விளக்கம். அவை உறுப்பினர் ஆன பிறகு செலவின் மறுபக்கத்தில் தம் ஊருக்கு வரப்போகும் ஆதாயம் கண்ணெதிரே நின்றது என்பது இன்னொன்று.

1837 மே மாதத்தில் நிதி நெருக்கடி வெடித்து, நாடெங்கும் வங்கிகள் காகிதப் பணத்துக்கு ஈடாக நாணயம் தருவதை நிறுத்தின. கடன் பத்திரங்களுக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. ஆனாலும் பணிகள் தொடர்ந்தன. திட்டத்தைக் கைவிடக் கூடாது என்று லிங்கனும் வாதிட்டுவந்தார். 1839 ஜனவரியில் அவர் முன்வைத்த யோசனை, மாநிலத்திலுள்ள விற்கப்படாத பொது நிலங்கள் அனைத்தையும் கூட்டாட்சி அரசிடமிருந்து ஏக்கர் 25 சென்ட்டுக்கு வாங்கி, வழக்கமான 1.25 டாலருக்கு விற்று, அந்த லாபத்தில் கடனை அடைப்பது. அது வாஷிங்டனில் எடுபடவில்லை. 1841-இல் மாநிலத்தால் வட்டி கட்டவும் முடியாமல் போயிற்று. வட்டிக்குக் கடன் வாங்காமல் கட்டலாம் என்று வாக்காளரிடம் சொன்னவர், வட்டியையே எப்படிக் கட்டுவது என்று அவையில் விவாதிக்கும்படி ஆயிற்று. அந்த நெருக்கடிக்கான பொறுப்பில் தமக்கும் பங்குண்டு என்று 1840 கூட்டத்தொடரில் அவரே ஒப்புக்கொண்டார்.

அத்தனை மைல்களில் மாநிலம் கட்டி ஓட்டிக் காட்டியது ஒரே ஒரு துண்டு. இல்லினாய் ஆற்றங்கரையிலுள்ள மெரடோஷியாவிலிருந்து ஜாக்சன்வில் வழியாக 1842-இல் ஸ்பிரிங்ஃபீல்டு வந்து சேர்ந்த 'நார்தர்ன் கிராஸ்' பாதை அது. பத்தாண்டுக்கு முன் லிங்கன் தமது அறிக்கையில் விலை கட்டுப்படியாகாது என்று தள்ளிய அதே பாதை. 1847-இல் மாநிலம் அதை ஏலத்தில் விட்டபோது கிடைத்த தொகை 21,100 டாலர். அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, சாதாரணச் செலவுப் பற்றாக்குறைக்கு 50,000 டாலருக்கு மேல் கடன் வாங்கச் சட்டமன்றத்துக்கே உரிமையில்லை என்று கையைக் கட்டிவிட்டது.

அறிக்கையிலும் கடிதத்திலும் வாய் திறவாத ஒரு விஷயம் உண்டு: அடிமைமுறை. சாங்கமன் கவுண்டியில் கென்டக்கி போன்ற தென் மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் மிகுதி. அடிமை ஒழிப்பாளர் என்ற பெயர் அங்கே வாக்குகளைக் கெடுக்கும். 1837 ஜனவரியில் ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்தும், அடிமை வைத்திருக்கும் உரிமை தென் மாநிலங்களுக்குப் புனிதமானது என்றும் கூறும் தீர்மானங்களைச் சட்டமன்றக் கீழவை 77-க்கு 6 என்ற கணக்கில் நிறைவேற்றியது. எதிர்த்த அறுவரில் லிங்கன் ஒருவர். மார்ச் 3 அன்று, டான் ஸ்டோன் என்ற சக உறுப்பினருடன் சேர்ந்து, அடிமைமுறை அநீதியின் மீதும் தவறான கொள்கையின் மீதும் நிற்பது என்ற மறுப்பை அவைக்குறிப்பில் பதிவுசெய்தார். எச்சரிக்கை மிகுந்த மறுப்பு அது: ஒழிப்புக் கோட்பாடுகளைப் பரப்புவது தீமையைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவே செய்யும் என்றும், மாநிலங்களுக்குள் அடிமைமுறையில் தலையிடக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்றும், நாட்டின் தலைநகரான வாஷிங்டன் அமைந்த மாவட்டத்தில் அதிகாரம் உண்டென்றாலும் அங்குள்ள மக்கள் கேட்டாலன்றிப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. மாநிலத் தலைநகரை மாற்றும் வாக்கெடுப்பு முடிந்து மூன்று நாள் கழித்தே அது பதிவானது. ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தேவையான வாக்குகள் கைக்கு வரும்வரை காத்திருந்தார் என்றே நான் ஊகிக்கிறேன். இருந்தாலும் 1860-இல் தமது வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோது, சட்டமன்றத்தில் கழித்த எட்டாண்டுகளிலிருந்து அவர் எடுத்து முழுமையாகச் சேர்த்தது இந்த மறுப்பைத்தான். அன்றைய நிலையே இன்றும் தம் நிலை என்று அதன் அருகே எழுதினார். சாங்கமன் ஆற்றைப் பற்றியோ, கடனில்லாத இருப்புப்பாதையைப் பற்றியோ அப்படி எழுத அவரால் முடிந்திருக்காது. வாக்குக் கேட்டபோது சொன்ன நிலைப்பாடுகள் மாறின. சொல்லாமல் விட்டதே நின்றது. வேட்பாளரின் அறிக்கையை வாசிக்கும் எவருக்கும் இது சங்கடமான செய்தி, ஏனென்றால் சொல்லாமல் விட்டதைத் தேர்தலுக்கு முன் வாசிக்க வழி ஏதும் இல்லை.

1836-இலும் 1838-இலும் சாங்கமன் கவுண்டியில் வென்றவர்களுள் மிகுதியான வாக்குகளைப் பெற்றவர் லிங்கன். கடனின் பாரம் தெரியத் தொடங்கிய 1840-இல், வென்ற ஐவருள் கடைசியாக வந்தார். அதன் பிறகு அந்த அவைக்கு அவர் போட்டியிட்டது 1854-இல்தான். அப்போதும் வென்றுவிட்டு, செனட் உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடுவதற்காக, பொறுப்பேற்காமலே விலகிக்கொண்டார்.